கட்டியை மட்டும் தேடிப்போய் தாக்குமா நானோ மருந்து? புற்றுநோய் சிகிச்சையில் உண்மை எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு?

"கீமோ வேண்டாம்... கட்டியை மட்டும் தேடிப்போய் அழிக்கும் நானோ மருந்து வந்தாச்சு. முடி கொட்டாது, வாந்தி வராது!"

வாட்ஸ்அப்பில் இந்த மாதிரி மெசேஜைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சும்மா இருக்கும்போது வந்தால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் வந்தால்? ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ இருக்கும் ஒரு குடும்பம், அடுத்த வாரம் தொடங்க வேண்டிய கீமோவைத் தள்ளிப்போட்டுவிட்டு "அந்த மருந்து எங்கே கிடைக்கும்?" என்று விசாரிக்கக் கிளம்பினால், அதில் போகும் நாட்கள் நோயாளிக்குத்தான் நஷ்டம்.

இந்த மெசேஜ் முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அதுதான் சிக்கலே. நானோ மருந்துகள் நிஜமாகவே இருக்கின்றன. இந்தியாவில் தயாரிக்கப்படுகின்றன, இங்குள்ள மருத்துவமனைகளில் பயன்படுகின்றன. ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோய்க்காக உருவாக்கியிருக்கும் நானோ ஊசி முறை பற்றியும் சமீபத்தில் செய்தி வந்தது. ஆனால் "தேடிப்போய் அழிக்கும்" என்ற அந்த ஒரு வரியில்தான் எல்லாக் குழப்பமும் இருக்கிறது.

அந்த வரி எவ்வளவு தூரம் உண்மை? பார்க்கலாம்.

வழக்கமான கீமோவில் என்ன பிரச்சினை?

டாக்ஸோரூபிசின் என்று ஒரு மருந்து. மார்பகப் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய் எனப் பல வகைகளுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படுவது. சிவப்பு நிறத்தில் ட்ரிப்ஸில் ஏறும். ஏற்றிய பிறகு சிறுநீர்கூட சிவப்பாகப் போகும். முதல்முறை பார்க்கிறவர்கள் ரத்தமோ என்று பயந்துவிடுவது உண்டு.

இந்த மருந்து வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய் செல் அப்படிப் பெருகுவதுதான். ஆனால் முடியின் வேர், வாய், குடலின் உட்புறம், ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் இருக்கும் நல்ல செல்களும் வேகமாகப் பெருகுபவைதான். நரம்பில் ஏற்றிய மருந்து ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. அதனால் முடி கொட்டுகிறது, வாய்ப்புண் வருகிறது, வெள்ளை அணுக்கள் குறைகின்றன.

இவையெல்லாம் சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். பெரிய கவலை இதயம். டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பலவீனமாக்கக் கூடியது. அதனால் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கச் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தமாக 450 முதல் 550 மில்லிகிராம் வரைதான். கட்டி மருந்துக்குக் கட்டுப்பட்டாலும், இந்த எல்லை வந்துவிட்டால் டாக்டர் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

மருந்தின் சக்தியில் குறை இல்லை. அது தேவையில்லாத இடத்துக்கெல்லாம் போவதுதான் குறை. நானோ மருந்து என்ற யோசனை இங்கிருந்துதான் தொடங்கியது.

நானோ என்றால் என்ன? அது எப்படி வேலை செய்கிறது?

முதலில் ஒரு விஷயம். நானோ என்பது மருந்தின் பெயர் இல்லை, ஓர் அளவு. ஒரு மீட்டரை 100 கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 முதல் 1 லட்சம் நானோமீட்டர். மருந்து சுமக்கும் நானோ துகள் பெரும்பாலும் 100 நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். அதாவது ஒரு முடியின் குறுக்கே 800 முதல் 1,000 துகள்களை வரிசையாக அடுக்கலாம்.

அந்த அளவில் எதைச் செய்தாலும் அது நானோதான். நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டில் உள்ள கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள் நெல் உமியிலிருந்து நானோ சிலிக்கா எடுத்து, அதை மக்காச்சோளப் பயிருக்குப் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். அதுவும் நானோதான். ஆகவே ஒரு பாட்டிலின் மேல் 'நானோ' என்று போட்டிருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது நோயைக் குணப்படுத்தும் என்று ஆகிவிடாது.

இப்போது வேலை செய்யும் விதம். நாமக்கல்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். தென்மாநிலங்களில் சமையல் கேஸ் ஏற்றிச்செல்லும் புல்லட் டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கம் நாமக்கல்லில்தான் இயங்குகிறது. கேஸைத் திறந்த லாரியில் ஏற்ற முடியுமா? வழியெல்லாம் கசிந்து போகிற ஊரெல்லாம் ஆபத்து. அதனால்தான் கெட்டியான டேங்கருக்குள் அடைத்து, இறக்க வேண்டிய இடத்தில் இறக்குகிறார்கள். நானோ மருந்தும் அப்படித்தான். உள்ளே இருப்பது அதே பழைய கீமோ மருந்து. மாறியது டேங்கர் மட்டும்.

டாக்ஸோரூபிசினுக்கு அந்த டேங்கர், லைப்போசோம் எனப்படும் கொழுப்புக் குமிழி. நம் உடம்பின் செல்களுக்குச் சுவராக இருக்கும் அதே வகைக் கொழுப்பால் ஆனது. அதன் மேல் பெக் என்ற பாலிமர் பூச்சு. உடம்பின் பாதுகாப்பு செல்கள் 'இது அந்நியப் பொருள்' என்று உடனே பிடித்து விழுங்கிவிடாமல் இருக்க இந்தப் பூச்சு உதவுகிறது. அதனால் குமிழி ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்ற முடிகிறது.

அளவும் யோசித்து வைத்ததுதான். ரொம்பச் சின்னதாக, 6 நானோமீட்டருக்கும் கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். ரொம்பப் பெரிதாக இருந்தால் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும்.

சரி, கட்டிக்குள் எப்படி நுழைகிறது? சாதாரண ரத்தக்குழாயின் சுவர் நெருக்கமாக இருக்கும். புற்றுநோய் கட்டி அவசரமாக வளர்வதால், அது தனக்காக இழுத்துக்கொள்ளும் ரத்தக்குழாய்கள் அரைகுறையாக, இடைவெளிகளோடு இருக்கும். நானோ குமிழி அந்த ஓட்டை வழியாகக் கசிந்து கட்டிக்குள் தங்கிவிடும். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஷி மயேடாவும் அவருடைய சக ஆய்வாளரும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். குமிழி எதையும் தேடவில்லை. ரத்தம் போகும் பக்கம் போகிறது, ஓட்டை இருக்கும் இடத்தில் நழுவி இறங்குகிறது. அவ்வளவுதான். "தேடிப்போய்" என்று மெசேஜில் வருவது இதைத்தான் மிகைப்படுத்திச் சொல்கிறது.

இது புது மருந்தா?

இல்லீங்க. 30 வருஷ சமாச்சாரம்.

டாக்ஸோரூபிசினைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த 'டாக்ஸில்' என்ற மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1995-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. பாக்லிடாக்ஸெல் என்ற இன்னொரு கீமோ மருந்தை ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து நானோ துகளாக்கிய 'அப்ராக்ஸேன்' 2005-ல் அனுமதி பெற்றது. இந்தியாவில் டாபர் பார்மா நிறுவனம் 2007-ல் 'நானோக்ஸெல்' என்ற பெயரில் பாக்லிடாக்ஸெலின் நானோ வடிவத்தைக் கொண்டுவந்தது.

இதில் இந்தியாவுக்கு ஒரு முக்கியமான அத்தியாயம் இருக்கிறது. 2011 கடைசியில், டாக்ஸிலைத் தயாரித்துக் கொடுத்த அமெரிக்க ஆலையில் உற்பத்தி நின்றுபோனது. சிகிச்சை நடந்துகொண்டிருந்த அமெரிக்க நோயாளிகளுக்கே மருந்து கிடைக்காத நிலை. 2012 பிப்ரவரியில், இந்தியாவின் சன் பார்மா நிறுவனத்தின் 'லிப்போடாக்ஸ்' என்ற மருந்தைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய எஃப்.டி.ஏ. சம்மதித்தது. அடுத்த வருஷம், 2013 பிப்ரவரியில், சன் பார்மாவின் ஜெனரிக் மருந்துக்கு முறையான அனுமதியும் கிடைத்தது.

ஆக, அமெரிக்காவின் தட்டுப்பாட்டையே ஓர் இந்திய நானோ மருந்து சமாளித்திருக்கிறது. "இப்பதான் வந்திருக்கு, ரகசிய மருந்து, எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால், முதல் சந்தேகம் அங்கேயே வர வேண்டும்.

குறி தவறாமல் கட்டிக்குப் போய்ச் சேருகிறதா?

இதுதான் முக்கியமான கேள்வி. பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம்.

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் விலங்குகளில் நடந்த நானோ மருந்துச் சோதனைகளை ஒன்றுசேர்த்து, ஊசியில் ஏற்றிய துகள்களில் எத்தனை கட்டிக்குப் போய்ச் சேர்ந்தன என்று பார்த்தார்கள். நடுநிலை மதிப்பு 0.7 சதவீதம்.

நாமக்கல் கணக்கில் சொன்னால், 1,000 டேங்கர் அனுப்பினால் 7 டேங்கர்தான் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்கிறது. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரல், மண்ணீரல் ஆகிய 'செக்போஸ்ட்'கள் பிடித்துக்கொள்கின்றன.

இதைக் கேட்டு நானோ மருந்தே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டேங்கர் இல்லாமல் போகும் சாதாரண கீமோவிலும் கட்டிக்குள் சேர்வது மிகச் சிறிய பங்குதான். 0.7 சதவீதம் என்பது மருந்து தோற்றுவிட்டதற்கான கணக்கு கிடையாது. 'தேடிப்போய்' என்ற சொல்லுக்கும் நடப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்பதற்கான கணக்கு அது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வக எலியில் கட்டி சில வாரங்களில் மளமளவென்று வளர்கிறது. அதனால் அதன் ரத்தக்குழாய்களில் ஓட்டை அதிகம். மனிதரில் கட்டி பெரும்பாலும் வருஷக்கணக்கில் வளர்கிறது. ஒருவருக்கு இருப்பது போல இன்னொருவருக்கு இருக்காது. ஒரே ஆளின் இரண்டு கட்டிகளில்கூட வித்தியாசம் இருக்கும். எலியில் பிரமாதமாக வேலை செய்த பல நானோ மருந்துகள் மனிதரில் அந்த அளவுக்கு எடுபடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

'அப்படியானால் டேங்கரில் முகவரியை ஒட்டி அனுப்பலாமே?' என்ற யோசனையும் வந்தது. புற்றுநோய் செல்லின் மேல் மட்டும் அதிகமாக இருக்கும் ஒரு புரதத்தைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும்படி நானோ துகளின் மேல் ஒரு மூலக்கூறை வைப்பது. அமெரிக்காவின் பைண்ட் தெரபியூட்டிக்ஸ் நிறுவனம் இந்த முறையில் பெரிய எதிர்பார்ப்போடு இறங்கியது. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் எதிர்பார்த்த பலன் தராத நிலையில், 2016 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. துகள் ரத்தத்தில் இறங்கியதும் ரத்தத்தில் உள்ள புரதங்கள் அதன்மேல் படிந்து, ஒட்டிய முகவரியையே மூடிவிடுவது இந்தத் துறையில் இன்றும் தீராத பிரச்சினைகளில் ஒன்று.

அப்புறம் எதுக்கு இந்த மருந்து?

இதற்குத் தெளிவான பதில் ஒரு பெரிய மருத்துவச் சோதனையில் கிடைத்தது. உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் இருந்த 509 பெண்கள் பங்கேற்ற அந்தச் சோதனையின் முடிவு 2004-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் சாதாரண டாக்ஸோரூபிசின், இன்னொரு பிரிவினருக்குக் குமிழிக்குள் அடைத்த டாக்ஸோரூபிசின்.

நோய் கட்டுக்குள் இருந்த காலம்: சாதாரண மருந்தில் 7.8 மாதம், நானோ மருந்தில் 6.9 மாதம்.

உயிர் வாழ்ந்த காலம்: சாதாரண மருந்தில் 22 மாதம், நானோ மருந்தில் 21 மாதம்.

புள்ளியியல் கணக்குப்படி இரண்டும் சமம். நானோ மருந்து ஆயுளைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

இனி பக்கவிளைவுகளைப் பாருங்கள். இதயம் பாதிக்கப்படும் அபாயம் சாதாரண மருந்தில் 3 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. முடி கொட்டியது சாதாரண மருந்தில் 66 சதவீதம் பேருக்கு, நானோ மருந்தில் 20 சதவீதம் பேருக்கு. குமட்டல் அங்கே 53 சதவீதம், இங்கே 37 சதவீதம்.

நானோ மருந்தின் வெற்றி இதுதான். கட்டியை அதிகமாக அடித்ததால் வந்த வெற்றி இல்லை, மற்ற உறுப்புகளைக் குறைவாகக் காயப்படுத்தியதால் வந்தது. ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவருக்கும், டாக்ஸோரூபிசினின் வாழ்நாள் எல்லையை நெருங்கிவிட்டவருக்கும் இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் இன்னொரு எண்ணும் அதே சோதனையில் இருக்கிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியும் பிரச்சினை சாதாரண மருந்தில் வெறும் 2 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. நானோ மருந்தில் 48 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு. ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும் குமிழிகள், அழுத்தமும் உராய்வும் அதிகமாக உள்ள கை, கால் தோலிலும் கசிவதே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது சமாளிக்கக் கூடிய தொந்தரவாக இருக்கலாம். பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறியில் நூல் முடிபவருக்கு? ஜவ்வரிசி ஆலையின் சூடான களத்தில் நின்று மாவு காய வைப்பவருக்கு? ராத்திரி முழுக்க ஸ்டீயரிங் பிடிக்கும் டிரைவருக்கு? கை போனால் அவருக்குக் கூலி போச்சு. எனவே 'பக்கவிளைவு குறைவு' என்பது யாருக்கு, எந்த வேலை செய்கிறவருக்கு என்பதைப் பொறுத்தது. இந்த மருந்து எழுதினால், என்ன வேலை செய்கிறோம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சுடுதண்ணீர், இறுக்கமான செருப்பு, கையை அழுத்தித் தேய்க்கும் வேலை ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். தேவைப்பட்டால் அளவைக் குறைப்பார்கள், அல்லது அடுத்த டோஸைத் தள்ளி வைப்பார்கள்.

ஏத்தாப்பூர் ஆமணக்குக்கும் கீமோவுக்கும் என்ன தொடர்பு?

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருப்பது அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். அந்த ஆமணக்கின் எண்ணெய்க்கும் கீமோ மருந்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

பாக்லிடாக்ஸெல் தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்க, ஆமணக்கு எண்ணெயை வேதியியல் முறையில் மாற்றித் தயாரித்த ஒரு திரவத்தையும் ஆல்கஹாலையும் சேர்க்கிறார்கள். சிலருக்கு இந்தக் கரைப்பான்தான் கடுமையான அலர்ஜியைக் கிளப்பிவிடுகிறது. அதனால்தான் பாக்லிடாக்ஸெல் ஏற்றுவதற்கு முன்பு ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் போடுகிறார்கள். (வீட்டில் இருக்கும் விளக்கெண்ணெய்க்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். இது நரம்பில் ஏற்றும் வேறு பொருள்.)

அப்ராக்ஸேன் அந்தக் கரைப்பானையே தூக்கிவிட்டு, சுமார் 130 நானோமீட்டர் ஆல்புமின் துகளில் மருந்தை ஏற்றியது. பரவிய மார்பகப் புற்றுநோயில் 454 பேரிடம் நடந்த சோதனையில், கட்டி சுருங்கியது நானோ மருந்தில் 33 சதவீதம் பேருக்கு, பழைய வடிவத்தில் 19 சதவீதம் பேருக்கு. கரைப்பான் இல்லாததால் அதிக அளவு மருந்தைக் கொடுக்க முடிந்தது முக்கியக் காரணம்.

ஆயுள் கூடிய உதாரணங்களும் இருக்கின்றன. கணையப் புற்றுநோயில் 861 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான சோதனையில், ஜெம்சிடபின் மருந்தோடு அப்ராக்ஸேனையும் சேர்த்தபோது சராசரி ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 8.5 மாதமானது. ஒரு வகைத் தீவிர ரத்தப் புற்றுநோய்க்கு 2017-ல் அனுமதி பெற்ற 'விக்ஸியோஸ்' என்ற லைப்போசோம் மருந்து, வயதான நோயாளிகளில் சுமார் 6 மாதத்தை 9 மாதத்துக்கு மேல் நீட்டியது. முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வாட்ஸ்அப் மெசேஜ் சொல்லும் 'முழுக் குணம்' இது இல்லை.

ஐஐடி மெட்ராஸ் ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ஐஐடி மெட்ராஸ், ஆஸ்திரேலியாவின் மோனாஷ், டீக்கின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த ஆய்வு இது. டாக்ஸோரூபிசினை ஒரு தனி வகைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, அதைச் செங்குத்தாக நிற்கும் மிக நுண்ணிய சிலிக்கான் குழாய்களில் ஏற்றி, புற்றுநோய் செல்லுக்குள் நேராகச் செலுத்துகிறார்கள். ரத்தத்தில் சுற்றவிட்டு ஓட்டை தேடும் பிரச்சினையே வேண்டாம் என்பது யோசனை. சாதாரண டாக்ஸோரூபிசினுக்குத் தேவைப்படுவதைவிட 23 மடங்கு குறைவான செறிவிலேயே மார்பகப் புற்றுநோய் செல்களைக் கட்டுப்படுத்த முடிந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் இது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் கிடைத்த முடிவு. அங்கிருந்து சேலத்து வார்டு வரை வர நிறையப் படிகள் இருக்கின்றன.

முதல் படி, ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள். அடுத்து, கரு வளரும் கோழி முட்டையின் உள்சவ்வில் மருந்தை வைத்துப் பார்ப்பது உலகம் முழுக்க உள்ள ஒரு வழக்கம். அந்தச் சவ்வில் ரத்தக்குழாய்கள் வளர்வதால், கட்டிக்கு ரத்தம் போவதை மருந்து தடுக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். (நாமக்கல் பண்ணையிலிருந்து கடைக்கு வரும் முட்டை இதற்கு உதவாது. சேவல் சேராமல் போடும் முட்டையில் கரு வளராது. குஞ்சு பொரிக்கும் முட்டைதான் வேண்டும்.) அதற்குப் பிறகு எலி போன்ற விலங்குகள்.

அதன் பிறகுதான் மனிதர்கள். முதல் கட்டத்தில் சிலரிடம் 'பாதுகாப்பானதா, எவ்வளவு கொடுக்கலாம்' என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் 'வேலை செய்கிறதா' என்று. மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களிடம் 'இப்போது இருக்கும் மருந்தைவிட நல்லதா' என்று. இதற்கு வருஷங்கள் ஆகும். வழியிலேயே நின்றுபோகும் மருந்துகள்தான் அதிகம்.

எனவே ஒரு நானோ மருந்துச் செய்தியைப் படித்தால், அது தட்டில் உள்ள செல்லில் நடந்ததா, எலியிலா, மனிதரிலா என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

'எனக்கு ஏன் டாக்டர் நானோ மருந்து எழுதவில்லை?'

நியாயமான கேள்வி. 'அரசு ஆஸ்பத்திரி என்பதால் மட்டமான மருந்தைக் கொடுக்கிறார்களோ' என்ற சந்தேகமும் சிலருக்கு வரும்.

ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோயில், குணமாக்கும் நோக்கத்தோடு கொடுக்கும் சிகிச்சைக்கு அதிக ஆதாரம் இருப்பது சாதாரண டாக்ஸோரூபிசினுக்குத்தான். குமிழி வடிவம் முக்கியமாகப் பயன்படுவது சினைப்பைப் புற்றுநோய், பரவிய மார்பகப் புற்றுநோய் போன்ற இடங்களில். பழைய மருந்து எழுதியிருந்தால் அது தரக்குறைவு என்று அர்த்தம் இல்லை. அந்த நோய்க்கு, அந்தக் கட்டத்துக்கு அதுதான் சரியானதாக இருக்கலாம்.

இன்னொன்று, இரண்டின் பெயரும் டாக்ஸோரூபிசின் என்றாலும் அவை ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. அளவும் வேறு, இடைவெளியும் வேறு. சாதாரண வடிவம் பெரும்பாலும் 3 வாரத்துக்கு ஒருமுறை என்றால், அந்த 509 பேர் சோதனையில் குமிழி வடிவம் 4 வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்பட்டது. மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னால் சீட்டில் உள்ள முழுப் பெயரையும், 'லைப்போசோமல்' என்ற சொல் இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

சேலம், நாமக்கல் குடும்பங்கள் என்ன செய்யலாம்?

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னை அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி உண்டு. ஆனால் எந்த மருந்து, எந்த நோய்க்கு என்பது திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலைப் பொறுத்தது. நகையை அடகு வைத்து வெளியே வாங்குவதற்கு முன், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இதைக் கேட்டுவிடுவது நல்லது. அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்:

* நோய் எந்த வகை, எந்தக் கட்டத்தில் இருக்கிறது?
* இந்தச் சிகிச்சையின் நோக்கம் முழுக் குணமா, கட்டுப்படுத்தி வைப்பதா?
* எனக்கு எழுதியிருக்கும் மருந்துக்கு நானோ வடிவம் இருக்கிறதா? இருந்தால், என் நோயில் அது ஆயுளைக் கூட்டுமா, பக்கவிளைவை மட்டும் குறைக்குமா?
* இதயப் பரிசோதனை எனக்குத் தேவையா?
* என் வேலைக்கு இந்த மருந்தால் இடைஞ்சல் வருமா?
* செலவு எவ்வளவு, காப்பீட்டில் எவ்வளவு வரும்?

இத்தோடு ஒன்று. நானோவோ பழையதோ, கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணு குறைந்த உடம்பில் தொற்று வேகமாகப் பரவும். கொல்லிமலை போலத் தூரத்தில் இருப்பவர்கள், ராத்திரியில் காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில் போவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

'நானோ சிகிச்சை' விளம்பரம் வந்தால்?

புற்றுநோயைக் குணப்படுத்துவோம் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே இந்தியாவில் சட்டப்படி தவறு. 1954-ம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. நானோ மருந்துகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதற்கு மத்திய அரசு 2019 அக்டோபரில் தனி வழிகாட்டுதல்களையும் வெளியிட்டது. முறையான நானோ மருந்து இந்த வழியில் வந்து, புற்றுநோய் டாக்டரின் சீட்டில், மருத்துவமனையில் ட்ரிப்ஸாக ஏறும். கூரியரில் பொடியாகவோ சொட்டு மருந்தாகவோ வீட்டுக்கு வராது.

'மருத்துவ ஆய்வில் சேர்த்துக்கொள்கிறோம்' என்று யாராவது சொன்னால், அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2009 முதல் இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளுக்கு இந்தப் பதிவு கட்டாயம். முறையான சோதனையில் கையெழுத்து வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் புரியும் மொழியில் விளக்க வேண்டும். சோதனை மருந்துக்குப் பணம் கேட்டால் உஷாராகிவிடுங்கள்.

மொத்தத்தில், நானோ மருந்து நிஜம். அது இதுவரை செய்து காட்டியது, அதே கீமோவை உடம்பு தாங்கும்படி மாற்றிக் கொடுத்தது. சில நோய்களில் சில மாதங்களைக் கூட்டியும் கொடுத்திருக்கிறது. கட்டியை மட்டும் தேடிப்போகும் மருந்துக்கான வேலை ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது. அது வரும் வரைக்கும், டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியில் வார்டுக்குப் போய்விடுவதுதான் நோயாளிக்குப் பாதுகாப்பு.